பாதி ஷட்டர்

ஜனவரி 9

வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடைத்தெருவில் காலமெல்லாம் மூட்டை தூக்கியவரின் மகள் எழுதுகிறேன். சட்டையில் குத்திய சுமைக்காரர் சங்கப் பித்தளை வில்லையின் எண்ணைச் சொல்லித் தெருவே அவரைப் 'பதினேழு' என்று கூப்பிடும். மூட்டைத் தூசி அவருடைய நுரையீரலை அரித்துவிட்டது. இனி மருந்துக்கு வேலையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் வேலை பார்க்கும் ஊருக்கு வந்துவிடுங்கள் என்றால், "அங்க வந்து நான் யார்கூட சண்டை போடுறது?" என்கிறார்.

அவருக்கு ஓர் ஆசை இருக்கிறது. சங்க உறுப்பினர் ஒருவர் இறந்தால் உடல் தெருவைக் கடக்கும்வரை எல்லாக் கடைகளிலும் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கிறீர்கள். தன் உடலுக்கும் அப்படி இறக்க வேண்டும் என்று கேட்கிறார். போனில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மூன்று முறை கேட்டார்.

அந்த வழக்கம் தொடங்கிய நாளில், அடித்துக் கொல்லப்பட்ட கண்ணாடிக் கடைக்காரரின் உடலைத் தன் வண்டியில் வைத்து இழுத்தவர் அவர். வேறு எந்த வண்டிக்காரரும் அன்று முன்வரவில்லை. இதைச் சங்கம் மறந்திருக்காது என்று நம்புகிறேன். கருணை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பதினேழின் மகள்

---

ஜனவரி 16

அம்மாடி,

'தலைவர் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். என் கடைச் சாக்குக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நீ. மாமா என்று எழுதினால் பேனா முனை மழுங்கிவிடுமா? போனில் பேசலாம்தான். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். எழுதினால் இருவருக்கும் மரியாதை மிஞ்சும்.

நியாயமாகப் பார்த்தால் கோபம் எனக்குத்தான் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு பத்திரிகையில் எங்களைப் பற்றி எழுதினாய். தெருப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. யானையை வரைந்துவிட்டுக் கீழே பூனை என்று எழுதினால் நம்புவதற்கு நாங்கள் என்ன குழந்தைகளா? பட்டன் கடைக்காரர் அதைச் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். 'வசூல்காரனிடமிருந்து விடுதலை பெற்றவர்கள், பெற்ற கையோடு போய் வாங்கிய முதல் பொருள் ஒரு பூட்டு.' அந்த வரியை இரண்டு தடவை படித்தார். குடிமைச் சமூகம் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தாய். அரசாங்கமும் இல்லாமல் குடும்பமும் இல்லாமல் நடுவில் மனிதர்கள் தாங்களாகக் கூடுவதாம். ஜவுளிக் கடைக்காரர், "திட்டுறதுக்கு இவ்வளவு மரியாதையான வார்த்தையா?" என்று கேட்டார்.

அது போகட்டும். அந்த நாளை எனக்கா நினைவூட்டுகிறாய்? தெருவின் வசூல் உரிமையைக் கையில் வைத்திருந்தவன் எங்கள் ரத்தத்தை உறிஞ்சிய காலம். கண்ணாடிக் கடைக்காரர் கொடுக்க மாட்டேன் என்றார், கொன்றுபோட்டான். "பொணத்துக்காக எவன் கடையை மூடினாலும் அப்புறம் தொறக்க விடமாட்டேன்" என்று ஆள்விட்டுச் சொன்னான். மூடினால் பிழைப்புப் போகும். திறந்து வைத்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க முடியாது. நான் ஷட்டரை இழுத்தேன், பாதியில் கை நின்றுவிட்டது. வீரம் ஒன்றுமில்லை, பயத்தில் கை நின்ற இடம் அது. எதிர்க்கடைக்காரர் பார்த்தார், அவரும் பாதிக்கு இறக்கினார். அப்படியே தெரு முழுக்க. மூடவும் இல்லை, திறந்திருக்கவும் இல்லை. எங்களை என்ன சொல்லிப் பிடிப்பான்? ஷட்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் வெளியே ஆட்களின் முகம் தெரியாது, கால் மட்டும் தெரியும். உன் அப்பாவின் கால்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். இன்றும் கண்ணில் இருக்கிறது.

ஆனால் சங்கம் என்றால் சட்டம் இருக்கிறது. இந்தத் தெருவில் ஷட்டர் வைத்த கடை இருப்பவர்தான் உறுப்பினராகலாம். அதற்கு மேல், புதிதாக ஒருவர் சேர வேண்டுமென்றால் தகர டப்பாவில் ஆளுக்கொரு பட்டன் போடுவோம். வெள்ளை என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. யார் போட்டது என்று கேட்கக் கூடாது. வசூல்காரன் தன் ஆளை உள்ளே நுழைக்கப் பார்த்த காலத்தில் நான் கொண்டுவந்த சட்டம் அது. பயந்தவன் வாயால் சொல்ல மாட்டான், பட்டனால் சொல்வான்.

சட்டத்தை விட்டுத் தள்ளி, தனித்தனியாகவும் கேட்டுப் பார்த்தேன். ஜவுளிக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னைக்குப் பதினேழுக்கு இறக்கினா நாளைக்குப் பதினெட்டு கேப்பான். அப்புறம் ஷட்டர் பாதியிலயேதான் நிக்கும், யாவாரத்தைக் குனிஞ்சுதான் பண்ணணும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே வைத்துக்கொள்.

மாமா

---

ஜனவரி 25

மாமா,

இந்தச் சொல்லை எழுதக் கை கூசவில்லை. நீங்கள் சிரித்ததைப் படித்த பிறகுதான் கூசியது.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதை உங்கள் பாஷையில் சொல்கிறேன். பயந்துபோன மனிதர்கள் ஒன்றாக நின்றால் பயம் விட்டுப்போகும். சங்கம் செய்கிற நல்லது அது. பிறகு, யாரோடு ஒன்றாக நிற்பது என்ற கேள்வி வரும். அங்கேதான் கதவு முளைக்கிறது. 'ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ' என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவைத்ததைத்தான் நாங்கள் தடிதடியான புத்தகங்களாக எழுதுகிறோம்.

நீங்கள் அத்தனை பேரும் ஷட்டருக்குப் பின்னால் நின்றீர்கள். அப்பா வெளியே நின்றார். உங்களுக்கு மறைந்துகொள்ளப் பாதி தகரமாவது இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை. அன்று அவரிடம் ஷட்டர் வைத்த கடை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

நான் உடனே வர முடியாது. என் வேலை நிரந்தரம் இல்லை. கல்லூரியில் பருவத்தின் நடுவில் விடுப்பு எடுத்தால் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். தேர்வு முடிந்து ஏப்ரலில் வருகிறேன். அதுவரை அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் எனக்குக் கோபமாக இருக்கிறது.

மகள்

---

பிப்ரவரி 10

அம்மாடி,

உன் கடிதத்தை இரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன். வலித்தது. வலித்தால் திருப்பி ஒன்று போடுவது என் குணம், வாங்கிக்கொள்.

எங்கள் கதவைப் பற்றி எழுதினாய். உன் அப்பாவின் சங்கத்துக்குக் கதவு இல்லையா? உன் அம்மா தெருவில் சிந்திய தானியத்தைக் கூட்டிப் புடைத்து விற்றவள். மூட்டை ஏறும் இடத்தில் அவளும் குனிந்து நிமிர்ந்தாள், அதே தூசியைத்தான் தின்றாள். சுமைக்காரர் சங்கத்தில் அவளுக்கு ஒரு வில்லை கொடுத்தார்களா? பொம்பளைக்கு எதுக்கு வில்லை என்றார்கள். உன் அப்பாவும்தான். இதை எந்தப் பத்திரிகையில் எழுதினாய்?

சரி, சண்டை போதும். நான் வியாபாரி. சரக்கு வாசலில் நுழையவில்லை என்றால் வாசலைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டேன், சரக்கைப் பிரித்து உள்ளே கொண்டுபோவேன். உறுப்பினருக்கு ஷட்டர் வைத்த கடை வேண்டும், அவ்வளவுதானே? என் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே கிழிந்த தார்ப்பாய் போட்டு வைத்திருந்த பொந்து உனக்குத் தெரியும். அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, அளவெடுத்து ஒரு குட்டி ஷட்டர் மாட்டிவிட்டேன். உன் அப்பா பெயருக்கு எழுதியும் கொடுத்துவிட்டேன். சாக்கு ஊசி, சணல், கயிறு விற்கிறார். சரக்கு என்னுடையது, இருமல் மட்டும் அவருடையது.

முதல் நாள் நீ பார்த்திருக்க வேண்டும். ஷட்டரைத் தூக்கினார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார். பாத்திரக் கடைக்காரர் எதிரிலிருந்து, "யோவ் பதினேழு, தொறக்கிறியா மூடுறியா? ஒரு முடிவுக்கு வாய்யா!" என்று கத்தினார். உன் அப்பா, "மொதலாளிங்க எப்ப வேணா தொறப்போம், எப்ப வேணா மூடுவோம். உனக்கென்னய்யா?" என்றார். தெருவே சிரித்தது. இந்தச் சிரிப்பில் நானும் உண்டு.

சுமைக்காரர் சங்கத்திலும் ஒரு சட்டம் இருக்கிறது. கடை முதலாளி அங்கே உறுப்பினராக இருக்க முடியாது. எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வசூல்காரன் தன் கையாளான கடைக்காரர்களைச் சுமைக்காரர் என்று சொல்லி உள்ளே விட்டான், அதற்காகப் போட்டது. இந்தப் பொந்தையெல்லாம் கடை என்று அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அவர்கள் தலைவர் மேஸ்திரியும் உன் அப்பாவும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் டப்பா வைக்கிறேன்.

மாமா

---

பிப்ரவரி 19

மாமா,

அம்மாவைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

அப்பா போன் செய்தார். "பாப்பா, நான் இப்ப பிசி. யாவார நேரத்துல கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு, தானே அரை மணி நேரம் பேசினார். எத்தனை நாளாயிற்று அவர் குரலை இப்படிக் கேட்டு! மேஸ்திரி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. வில்லையைக் கேட்டுவிட்டால்? அந்தச் சங்கம் இறந்துபோன தன் ஆளைக் கூலி வண்டியில் ஏற்றாது, தோளில்தான் கொண்டுபோகும். 'பாரம் தூக்கினவனைப் பாரமா விடமாட்டோம்' என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நீங்கள் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே பேசிவிடக் கூடாதா?

ஆனால், வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த ஷட்டர் அவருக்கு இறங்க வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. அவரைவிட எனக்கு அதிகமாக இருக்கிறதோ என்னவோ.

மகள்

---

மார்ச் 8

அம்மாடி,

நல்ல செய்தி இல்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மேஸ்திரி வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் அப்பா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், மேஸ்திரி உட்காரவில்லை.

"பதினேழு, உனக்கு இது கடையா விளையாட்டா?"

"கடைதான். ஏன், உனக்கு ஊசி வேணுமா?"

"கடைன்னா, வில்லையைக் குடுத்துரணும். சட்டம் தெரியும்ல?"

நான் குறுக்கே விழுந்தேன். "என்ன மேஸ்திரி, மனுஷன் இருக்கிற நெலமையில சட்டம் பேசுறீங்க? கொஞ்சம் கண்டுக்காம விடுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "போன வருஷம் உங்க சங்கக் கட்டடத்து கக்கூஸ் சாவி கேட்டோம் மொதலாளி. எங்க ஆளுங்க ஒதுங்க எடமில்லாம சந்து சந்தா அலையுறான்னு கெஞ்சினோம். உறுப்பினருக்கு மட்டும்தான், சட்டம்னு சொன்னீங்க. இதே வாயிதான் சொல்லிச்சு. அன்னைக்கு நீங்க கண்டுக்காம விட்டிருந்தா இன்னைக்கு நானும் விடுவேன்."

அந்தச் சாவி விஷயத்தை நான் மறந்தே போயிருந்தேன். பூட்டியவனுக்கு மறந்துபோகும், வெளியே நின்றவனுக்கு மறக்காது. வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டுப் பிழைத்தவன் நான். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணடிப்பும் இருக்கும் என்றுதான் இதுவரை வியாபாரம் செய்தேன். இந்த ஒரு கணக்கு தப்பிவிட்டது.

உன் அப்பா வில்லையைக் கழற்றப் போனார், ஊக்கு துருப்பிடித்துச் சட்டையோடு ஒட்டியிருந்தது. மேஸ்திரியே குனிந்து கழற்றிவிட்டார். "குடுத்துட்டு நிம்மதியா யாவாரத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். உன் அப்பா என்னிடம், "விடுங்க மொதலாளி. அந்தப் பக்கம் போனா என்ன, இந்தப் பக்கம்தான் வரப்போறேனே" என்றார்.

நான்கு நாள் கழித்துக் கூட்டம். டப்பா சுற்றி வந்தது. கொட்டிப் பார்த்தோம். ஒரு கறுப்பு பட்டன் இருந்தது.

மாமா

---

மார்ச் 14

மாமா,

ஒன்று. ஒரே ஒன்று. யார்?

கேட்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். நான் உங்கள் சங்கத்தில் இல்லை, கேட்பேன். ஜவுளிக்காரரா? பதினெட்டு கேட்பான் என்று சொன்னவர் அவர்தான். என் கட்டுரை வரியை இரண்டு தடவை வாசித்த பட்டன் கடைக்காரரா? டப்பாவில் விழும் பட்டனும் அவர் கடைப் பட்டன்தானே. ராத்திரி படுத்தால் உங்கள் தெருவில் ஒவ்வொரு கடையாக நடக்கிறேன். ஒவ்வொரு முகமாக நிறுத்தி, இவரா, இவரா என்று பார்க்கிறேன். எல்லா முகமும் கறுப்பு பட்டன் போட்ட முகமாகவே தெரிகிறது. சின்ன வயதில் எனக்கு மிட்டாய் கொடுத்த முகங்கள்.

இல்லை, என் கட்டுரைக்கு விழுந்ததா? 'நம்மைப் பற்றி எழுதினவளுடைய அப்பனுக்கா?' என்று ஒருவர் நினைத்திருந்தால் அது நான் போட்ட பட்டன். அப்படியென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் எப்போதும் முகத்துக்கு நேரே பேசுகிறவர். பேசுங்கள்.

மகள்

---

மார்ச் 22

அம்மாடி,

முகத்துக்கு நேரே பேசுகிறேன். கறுப்பு ஒன்று மட்டும் இல்லை.

நான் பொய் எழுதினேன். டப்பாவைக் கவிழ்த்தபோது மேசையில் விழுந்ததை எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை. வெள்ளையைத்தான் தேட வேண்டியிருந்தது. அதனால் யார் யார் என்று நடப்பதை விட்டுவிடு, கால் வலிக்கும். உன் கட்டுரையைப் படித்தவனும் போட்டான், எழுத்தே தெரியாதவனும் போட்டான். எல்லாரும் நல்லவர்கள்தான் அம்மாடி. உன் அப்பா இருமினால் ஓடிவந்து வெந்நீர் கொடுக்கிறார்கள். வெந்நீர் கொடுப்பது வேறு, பக்கத்தில் உட்கார வைப்பது வேறு. அந்த வித்தியாசம் எனக்கே அந்த மேசையில்தான் தெரிந்தது.

பொய்யை முதலில் உன் அப்பாவிடம் சொன்னேன். பிறகு உனக்கு வேறு மாதிரி எழுத முடியவில்லை.

"என்ன ஆச்சு மொதலாளி?" என்றார். "ஒரு கறுப்பு விழுந்துருச்சு" என்றேன்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்ப மிச்சமெல்லாம் வெள்ளையா?" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இத்தனை பேரா நம்மளைச் சேத்துக்கலாம்னு சொன்னாங்க? பரவாயில்லையே!"

எதிரே பாத்திரக் கடைக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவரும் ஆட்டினார்.

சுமைக்காரர் சங்கத்தில் வில்லை சும்மா கிடக்காது. பதினேழாம் எண்ணை ஒரு புது ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதையும் நான்தான் சொன்னேன், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். உன் அப்பா சணல் கட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, "ராசியான நம்பரு. பாத்து வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு ஷட்டரைத் தூக்கவில்லை. இரண்டு நாளாக எழுந்திருக்கவும் இல்லை.

நாற்காலி போனால் போகட்டும். புறப்பட்டு வா.

மாமா

---

ஏப்ரல் 12

மாமா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். என் நாற்காலி இருக்கிறது. யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள்.

அங்கே இருந்தபோது உங்களிடம் சரியாகப் பேசவில்லை. பேசினால் உடைந்துவிடுவேன் என்றுதான்.

வேனில் ஏற்றுவதற்கு முன் அப்பாவின் உடலைத் தூக்கியவர்கள் நீங்கள், நான், உங்கள் கணக்கர், வேன் டிரைவர். ஊரிலேயே நன்றாகத் தூக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வில்லையோடு ஓரமாக வரிசையில் நின்றார்கள். மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதார். கட்டாவிட்டால் கை தானாக வந்துவிடும் என்பதுபோல இறுக்கிக் கட்டியிருந்தார். நாம் நால்வரும் ஆளுக்கொரு உயரம். அப்பாவின் தலை ஒரு பக்கம் சரிந்துகொண்டே வந்தது. 'புடிக்கத் தெரியாம புடிக்கிறாங்க பாரு' என்று அவர் திட்டுவது எனக்குக் கேட்டது.

தெரு முழுக்கத் திறந்திருந்தது. ஜவுளிக்காரர் எழுந்து நின்றார். பாத்திரக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள், ஷட்டரைத் தவிர. வேனுக்கு முன்னால் ஒரு கைவண்டி நின்றது. யாரோ, "ஏய் பதினேழு, வண்டியை ஓரமாத் தள்ளு!" என்று கத்தினார்கள். நான் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மீசை சரியாக முளைக்காத ஒருவன் ஓடிவந்து வண்டியைத் தள்ளி வழிவிட்டான்.

உங்கள் கடையில் மட்டும் ஷட்டர் பாதி இறங்கியிருந்ததைப் பார்த்தேன். சரக்கு வாங்க வந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, மூடிவிட்டார்கள்போல என்று அடுத்த கடைக்குப் போனார். நன்றி சொல்லத்தான் நினைக்கிறேன் மாமா, வரவில்லை. தெரு முழுக்க இறங்கினால் அது மரியாதை. ஒன்று மட்டும் இறங்கினால் அது தயவு. அது இறங்காமலே இருந்திருக்கலாம். இப்படி எழுதுவதற்கு என்னை மன்னியுங்கள், ஆனால் அதுதான் உண்மை.

அந்த மாடிப்படிக் கடையை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கிடக்கும் உங்கள் பழைய தார்ப்பாய் நனையப்போகிறது.

மகள்

---

மே 2

அம்மாடி,

நீ எழுதியது சரி. என் ஷட்டரை இறக்கியபோதே எனக்கும் தெரியும், தனியாகப் பாடும் கோரஸ் மாதிரி இருந்தது. ஆனால் இறக்காமல் நிற்கவும் என்னால் முடியவில்லை. அதற்கு உன் புத்தகத்தில் என்ன பெயரோ.

கடையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாய். எடுத்துக்கொள்ள முடியாது, அது இப்போது சட்டப்படி உன்னுடையது. அதில்தான் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மறைத்தால் நாளை வேறு வழியாக உன் காதுக்கு வரும்.

வேன் போன பிறகு தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அது நிஜம். போன கூட்டத்தில் ஜவுளிக்காரர் எழுந்தார். "பதினேழு பொண்ணு காலேஜ்ல பாடம் சொல்லிக்குடுக்குது. பேப்பர்ல எல்லாம் எழுதுது. கடையும் இப்ப அது பேர்லதான். அந்தப் பொண்ணைச் சேத்துக்கிட்டா சங்கத்துக்கே கௌரவம். அப்பனுக்குப் பண்ணாததைப் பொண்ணுக்குப் பண்ணுவோம்" என்றார். பட்டன் கடைக்காரர் கைதட்டினார். டப்பா சுற்றியது. கொட்டினோம்.

எல்லாம் வெள்ளை. ஒன்று தவறாமல் வெள்ளை.

மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். எடைபோட்டு வாங்க வேண்டியதை எடைபோடாமல் தள்ளிவிட்டு, மேலே இருந்த உறையை மட்டும் வாங்கிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். இதை அங்கேயே சொன்னேன். "தலைவரே, நல்ல காரியம் பண்ணும்போதும் திட்டுறீங்களே" என்றார்கள். அவர்கள் மனதில் கபடம் இல்லை அம்மாடி. அதுதான் கொடுமை.

தலைவர் பதவியை விட்டுவிட்டேன். ஆனால் உனக்கு ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன், யோசித்துப் பார். உள்ளே வந்தால் உன் பேச்சுக்கு எடை இருக்கும். கக்கூஸ் சாவியை நீ கேட்டால் கொடுப்பார்கள். ஒற்றைக் கறுப்பு பட்டன் சட்டத்தையே மாற்றச் சொல்லலாம், நான் கூட நிற்கிறேன். அது மாறும்வரை, வருகிற ஒவ்வொருவருக்கும் உன் கையிலும் ஒரு பட்டன் இருக்கும். வெளியே நின்று எழுதுவதைவிட அது பெரிய ஆயுதம் இல்லையா?

மாமா

---

மே 15

மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்று கோபப்பட்டேன். மறுநாள் வரலாம் என்று நினைத்தேன். சாவியை வாங்கிக் கொடுக்கலாம், சட்டத்தை மாற்றலாம். பாடம் நடத்துகிறவளுக்குக் கிடைக்கவே கிடைக்காத வாய்ப்பு. பதில் கடிதம்கூட எழுதிவிட்டேன், சம்மதம் என்று.

பிறகு அந்தக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். தெருவில் யாரோ புதிதாகக் கடை போட்டிருக்கிறார். ஜவுளிக்காரரின் மருமகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னை அவருக்குத் தெரியாது, அப்பாவைப் பார்த்ததே இல்லை, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதர். டப்பா என் முன்னால் வருகிறது. வெள்ளையை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் கை கறுப்பைத்தான் எடுத்தது மாமா. நினைப்பில்தான். ஆனால் யோசிக்கவே இல்லாமல் எடுத்தது. அடுத்த ஆளுக்கும் எடுத்தது. வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொருவருக்கும் எடுத்துக்கொண்டே இருந்தது. யார் என்று கேட்கக் கூடாத சட்டம் எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா?

அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் வரவில்லை. என்ன காரணம் என்று கேட்டால் வேலை அதிகம் என்று சொல்லிவிடுங்கள்.

மகள்